பெரிய மணியின் கயிறு

டீ கொஞ்சம் தண்ணீராகத்தான் இருக்கிறது, சார்ஜென்ட். பரவாயில்லை, எங்கள் நெதர்காம் சர்ச்சில் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கொடுப்பது இதைவிட மோசம்.

கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். கோபுரத்து ஆறு மணிகளுக்கும் நான்தான் பொறுப்பு. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த வருஷமே கயிற்றைப் பிடித்தேன். என் வீட்டுக்காரர் ஹெரால்ட் போன பிறகு எனக்கென்று இருந்தவை அந்த மணிகள் மட்டும்தான். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

புதுப் பாதிரியார் லாம்பர்ன் நல்ல மனுஷர். யாரையும் கடிந்து பேசமாட்டார். பழைய பள்ளிக்கூடத்தை வாங்கிக் குடிவந்த லண்டன்காரர்கள் சத்தம் தாங்கவில்லை என்றதும், இலையுதிர்காலத்தோடு மணியடிப்பதை நிறுத்திவிட்டு, கோபுரத்தில் ஸ்பீக்கர் வைத்துப் பதிவு செய்த மணியோசையை மெதுவாக ஒலிக்கவிடலாம் என்று முடிவு செய்தார். அதை என்னிடம் சொல்ல என் வீட்டுக்கே வந்தார், பாவம்.

"மிஸஸ் ஓட்வே, எவ்வளவு நாள்தான் நீங்களும் இழுப்பீங்க? இனிமே அக்கடான்னு உட்கார்ந்து கேளுங்க."

"அதுவும் சரிதான் ஐயா. கேக் எடுத்துக்குங்க."

இரண்டு துண்டு சாப்பிட்டார். வாசல் வரை போய் வழியனுப்பினேன். அப்போது அவரே கேட்டார், நிறுத்துவதற்குள் தானும் மணியடிக்கக் கற்றுக்கொள்ளலாமா என்று. புதன்கிழமை காலை ஜெபத்துக்குப் பெரிய மணியைத் தானே அடிக்க வேண்டுமாம். கோடை முழுக்கக் கற்றுக்கொடுத்தேன்.

உங்களுக்குக் கோபுரத்து வேலை தெரியாது என்கிறீர்கள். மணி சும்மா தொங்கும்போது கயிற்றை இழுத்தால் 'டங்' என்று ஒரு சின்ன ஓசை வரும், அவ்வளவுதான். சேர்ந்து அடிக்கும்போது அதைத் தலைகீழாக, வாய் மேலே பார்க்க நிறுத்துவோம். அப்படி நிற்கிற மணியை லேசாக இழுத்தாலே போதும், ஒரு டன் வெண்கலம் புரண்டு விழும். கயிறு விருட்டென்று, விடாமல் பிடித்திருப்பவனையும் தூக்கிக்கொண்டு, கூரைக்குப் போய்விடும். அதனால் அடித்து முடித்ததும் மறுபடி வாய் கீழே பார்க்க இறக்கிவிட்டுத்தான் போவோம். இறக்கவில்லை என்றால் கயிற்றில் எச்சரிக்கைப் பலகையைக் கட்ட வேண்டும் என்பது முறை. எங்கள் ஊரில் இறக்காமல் போனதே கிடையாது. அதனால் மேலே மணி எப்படி நிற்கிறது என்று யோசிக்கும் பழக்கம் லாம்பர்னுக்கு வரவில்லை.

செவ்வாய்க்கிழமை பயிற்சி முடிந்ததும் எல்லோரும் பப்புக்குக் கிளம்பினார்கள். மற்ற மணிகளை இறக்கியாயிற்று, 'பெரியவன்' என்று நாங்கள் கூப்பிடும் பெரிய மணி மட்டும் பாக்கி. கசாப்புக்கடை சிரில் மட்டும் வாசலில் நின்று என்னைக் கேட்டான்.

"என்ன ஈனிட், பெரியவன இறக்க மனசு வரலையா?"

"நீ போய் உன் பீரப் பாரு. இவன நான் பாத்துக்கறேன்."

"ராத்திரி பூரா கொஞ்சிக்கிட்டு இருக்காத, ஊரு சிரிக்கும்," என்று சொல்லிவிட்டுப் போனான்.

நான் மணியை இறக்கவில்லை. பலகையை என் கூடையில், பின்னல் நூலுக்கு அடியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். நீங்கள் அதைத் தேடினீர்கள் என்று கேள்விப்பட்டேன். சமையலறை அலமாரிக்குப் பின்னால் இருக்கிறது.

மறுநாள் காலை ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். 'டங்' இல்லை. முழு வீச்சில், ஊரே அதிர, மணி ஒரு முறை முழங்கியது. அழகான ஓசை. ரொட்டியைச் சாப்பிட்டு முடித்தேன். கோபுரத்தின் கல்தரையில் அவர் கிடந்ததை ஜெபத்துக்கு வந்தவர்கள்தான் பார்த்தார்கள்.

அவருடைய அடக்கத்துக்கு ஆறு மணிகளையும் அடித்தோம். லண்டன்காரர்கள்கூடத் தலை குனிந்து நின்று கேட்டார்கள். ஸ்பீக்கர் பேச்சை இப்போது யாரும் எடுப்பதில்லை. எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

கயிற்றை ஏன் அவர் உடனே விட்டுவிடவில்லை என்று கேட்கிறீர்கள். விட்டிருந்தால் உள்ளங்கை உரிந்திருக்கும், அவ்வளவுதான். மணிக்கட்டில் மூன்று சுற்றுச் சுற்றியிருந்தாரே, எப்படி விடுவார்? மணியடிக்கிற எவனும் அப்படிச் செய்யமாட்டான் என்று சிரில் உங்களிடம் சொல்லியிருப்பான்.

அவரைத் திட்டாதீர்கள், சார்ஜென்ட். முதல் பாடத்திலேயே அப்படிச் சுற்றிக்கொள்ளச் சொன்னவள் நான்தான். நான் கற்றுக்கொடுத்தவர்களில் சொன்ன பேச்சைத் தட்டாமல் கேட்டவர் அவர் ஒருவர்தான்.