ஆளில்லாச் சமாதி

ரொம்ப நாளைக்கு முந்தி நடந்தது இது. ஜப்பான்காரன் மலாயாவுக்குள்ள வந்து ரெண்டாவது மழைக்காலம். இதே பதினேழாங்கட்டை ரப்பர்த் தோட்டத்துல, மூணாவது லயத்து வீட்டு வரிசையில, பாவாயி பாவாயின்னு ஒரு பால்வெட்டுக்காரி இருந்தாளாம். இங்க உக்காந்திருக்கிற உங்கள்ல பாதிப் பேரு அவ வழி வந்தவங்கதான். அவ புருசன் பேரு செங்கோடன். நாமக்கல் பக்கத்து ஆளுங்க.

ஜப்பான்காரன் வர்றதுக்கு ரெண்டு மூணு வருசம் முந்தி இந்தச் செங்கோடன் மர லாரியிலேருந்து விழுந்து, இடுப்பு பிடிச்சு, எந்திரிக்க மாட்டாமக் கிடந்தான். கடைத்தெருவுல யூக் லான்னு ஒரு சீனத்தி. சின்சே. சின்சேன்னா அவங்க வைத்தியர். மருந்து குடுக்கல, ஊசி போடல. கையை வச்சே ஒரு மாசத்துல அவன எழுப்பி நிக்க வச்சுட்டாளாம். பாவாயி கூடவே நின்னு பாத்தா. பாத்தவ சும்மா இருக்கல, கேட்டுட்டா.

"அக்கா, வலி இடுப்புல. நீங்க ஏன் கால அமுத்துறீங்க?"

சின்சே அரைத் தமிழும் அரை மலாயுமா சொன்னாளாம்: "நீ பால் வெட்டுற. மரத்துல வெட்டுன கோட்டுல கட்டிப்பால் அடைச்சா கீழ மங்குக் கிண்ணத்துல பால் விழுமா? விழாது. மரம் செத்துப்போச்சா? சாகல. வழிதான் அடைச்சிருக்கு. உடம்புலயும் அப்படித்தான், வழி வழியா ஒண்ணு ஓடுது. நாங்க ஹேய்னு சொல்றோம். அது ஓடுனா சொகம், நின்னா வலி. ஒரே வழி இடுப்புலயும் போகும், கால்லயும் போகும். எங்க கட்டி நிக்குதோ அங்கேருந்து எறக்கணும். எங்க காலியா இருக்கோ அங்க நெரப்பணும்."

அப்புறம் பாவாயியோட தொப்புளுக்குக் கீழ மூணு விரல் வச்சுக் காட்டினாளாம். "மொதல்ல உன் மூச்ச இங்க எறக்கு. எறக்காம யாரு மேலயும் கை வைக்காத. நீ பயந்தா உன் பயம் உன் கை வழியா அவங்களுக்குள்ள போயிரும்."

பாவாயி கத்துக்கிட்டா. ரெண்டு வருசம் கத்துக்கிட்டா. லயத்துல கழுத்துப் பிடிப்பு, கை பிசகல்னா அவகிட்டதான் வருவாங்க.

அப்புறம்தான் ஜப்பான்காரன் வந்தான். வந்தவன் சீனங்களத் தேடித் தேடிப் பிடிச்சான். ஒரு நாள் காலையில கடைத்தெருவுல லாரி வந்து நின்னுச்சாம். ஏத்துனது எத்தனை பேரோ, திரும்பி வந்தவங்க ஒருத்தருமில்ல. உச்சிவெயில்ல பாவாயி வீட்டுப் பின்பக்கம் மரவள்ளித் தோட்டத்துல யாரோ முனகுற சத்தம். போய்ப் பாத்தா சின்சே. செருப்பு இல்ல, கால் பூரா முள்ளு. பாவாயி ஒண்ணும் கேக்கல. யுத்தத்துல ரப்பர வாங்க ஆளில்லாம, உறைஞ்ச ரப்பர்ச் சீட்டு காயப்போடுற புகைக்கொட்டாய் பூட்டிக் கிடந்துச்சு. அதோட பரணுல கொண்டுபோய் ஏத்திட்டா.

யாருக்குத் தெரியும்? பாவாயிக்குத் தெரியும், செங்கோடனுக்குத் தெரியும். தோட்டத்துக் கணக்கெழுதுற கெராணி அருளம்பலத்துக்கும் தெரியும், கொட்டாய்ச் சாவி அவர்கிட்டதானே! சாவியக் குடுத்துட்டு அவர் சொன்னாராம்: "நான் குடுக்கவுமில்ல, நீ வாங்கவுமில்ல."

மூணு மாசம் போச்சு. ஒரு மத்தியானம், காலையில ஆள் கணக்கெடுக்குற பெரட்டுக் களத்துல ஜப்பான் வண்டி வந்து நின்னுச்சு. எறங்குனவன் ஒரு ஆபீசர். கூட ஆறு சிப்பாய். ஆபீசருக்கு வலது கை தோளுக்கு மேல தூக்க வரல. கழுத்து மரக்கட்டையா இருந்துச்சாம். உடைஞ்ச மலாய்ல கெராணியக் கேட்டான்: "இங்க அமுத்தத் தெரிஞ்சவன் யாரு?"

கெராணி வாயத் தொறக்கல. கன்னத்துல ஒண்ணு விழுந்துச்சு. ரெண்டாவதுக்குக் கை ஓங்குறதுக்குள்ள அவர் வாயிலேருந்து "பாவாயி"ன்னு வந்துருச்சாம். வந்ததும் அந்த மனுசன் முகம் செத்துப்போச்சுன்னு சொல்லுவாங்க.

வெயிலு சுட்டெரிச்சுச்சு. ஆபீசர் நிழலு தேடுனான். களத்துல நிழலுன்னா எது? புகைக்கொட்டாய்தான். பூட்ட ஒடைச்சாங்க. உள்ள ஒரு பெட்டியப் போட்டு உக்காந்துட்டான். அவன் தலைக்கு மேல பரணு. பரணு மேல சின்சே.

பாவாயியக் கூட்டிட்டு வந்து அவன் முன்னால நிறுத்துனாங்க. கை வச்சா கை ஆடுது. இந்தக் கையோட தொட்டா அவனுக்குத் தெரிஞ்சுருமே! மூச்ச எறக்கிப் பாத்தா. நெஞ்சுலயே நிக்குது. மறுபடி எறக்கிப் பாத்தா. தொண்டைக்கே ஏறுது. மூணாவது தரம் கண்ண மூடி, தொப்புளுக்குக் கீழ அந்த மூணு விரல நெனச்சா. கொஞ்சம் எறங்குச்சு. கொஞ்சம்தான்.

தோளத் தொடல. குனிஞ்சு அவன் காலத் தொட்டா. முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவுல, எலும்புக்கு வெளிப்பக்கம். ஒரு சிப்பாய் துப்பாக்கியத் தூக்கிட்டான். ஆபீசர் விரல ஆட்டி நிறுத்துனான்.

பாவாயி கட்டைவிரல ஊனி அமுத்துனா. "கையத் தூக்கச் சொல்லுங்க, கெராணி ஐயா. மெதுவா."

தூக்குனான். தோள் வரைக்கும் வந்துச்சு. தோளத் தாண்டுச்சு. காது வரைக்கும் வந்துச்சு. சிப்பாய்ங்க வாயப் பொளந்து நின்னாங்க. அந்த நேரம் பாத்து மேல ஒரு மூங்கில் கிறீச்சுன்னுச்சு. கரி பொலபொலன்னு ஆபீசர் தொப்பி மேல விழுந்துச்சு.

"மூசாங்" அப்படின்னாராம் கெராணி, சட்டுன்னு. "மரநாய், துவான். கொட்டாய் பூரா மரநாய்."

ஒரு சிப்பாய் துப்பாக்கி முனையில இருந்த கத்திய மூங்கில் இடுக்குல மேல குத்துனான். குத்தி இழுத்தான். கத்தியில கரிதான் இருந்துச்சு. சின்சே காதுக்கு ஒரு சாண் தள்ளிப் போயிருக்கு அது. பாவாயி கட்டைவிரல எடுக்கல. எடுத்தா தெரிஞ்சுரும்.

ஆபீசர் மேல பாக்கல. பாவாயியத்தான் பாத்தான். "இது சீனன் வழி. உனக்கு யாரு சொல்லிக் குடுத்தது?"

இல்லன்னு சொல்ல முடியுமா? கை சொல்லிருச்சே! பாவாயி சொன்னா: "ஒரு சீனத்தி. செத்துட்டா."

"சமாதி எங்க?"

"லாலாங் மேட்டுல."

"மூணு நாள்ல வருவேன். கை முழுசாத் தூக்கணும். சமாதியும் பாக்கணும்." போயிட்டான்.

மேட்டுல சமாதி ஏது? வெறும் லாலாங் புல்லு. மறுநா பெரட்டுல கெராணி எல்லாருக்கும் கேக்குற மாதிரி கத்துனாராம்: "செங்கோடா! மேட்டுல மரவள்ளி போட மண்ணு வெட்டு!" செங்கோடன் வெட்டுனான். பட்டப்பகல்ல, எல்லாரும் பாக்க, சீனச் சமாதி மாதிரி அரைவட்டமா மண்ணக் குவிச்சான். ஒருத்தரும் ஏன்னு கேக்கல. புல்லுக்கரணையக் கொண்டுவந்து ஒட்ட வச்சவங்களும் கேக்கல.

பலகையில பேரு எழுதணும். சீன எழுத்து யாருக்குத் தெரியும்? பாவாயி பலகையும் கரித்துண்டும் எடுத்துக்கிட்டுப் பரணேறுனா. சின்சே பலகைய வாங்கிக் கவுத்து வச்சாளாம்.

"உசுரோட இருக்கிறவ தன் பேர சமாதியில எழுதுனா, அது கூப்புடும், பாவாயி."

"எழுதலன்னா அவன் கூப்புடுவான்க்கா."

எழுதுனா. ஒரு கோடு மட்டும் கோணிப்போச்சு.

மூணாம் நாள் வந்தான். மேட்டுக்கு நடந்தான். பாவாயி முன்னால, கெராணி பின்னால. ஆபீசர் பலகையப் படிச்சான். அவங்களுக்கும் அந்த எழுத்து தெரியும், தெரியுமா உங்களுக்கு? படிச்சுட்டு ஒரு விரலால எழுத்தத் தேச்சான். விரல்ல கரி ஒட்டுச்சு. புதுக் கரி. அந்த விரலத் திருப்பித் திருப்பிப் பாத்தான்.

அப்புறம் பாவாயி மணிக்கட்டப் பிடிச்சான். சும்மா பிடிக்கல. மூணு விரல வச்சு, சின்சே நாடி பாப்பாளே, அதே மாதிரி. கரி விரலு நடுவுல. பாவாயி மூச்ச எறக்குனா. எறங்கல. எறங்கவே இல்ல. நாடி கரையில போட்ட மீனாத் துள்ளுச்சாம்.

"பொய் சொல்ற நாடி" அப்படின்னான் ஆபீசர்.

கெராணி அதத் தமிழ்ல சொல்லல. சொல்ல வேண்டிய அவசியமும் இல்ல.

காத்து அடிச்சுச்சு. லாலாங் புல்லு சாஞ்சு எந்திரிச்சுச்சு. ஆபீசர் விரலக் காச்சட்டையில தொடச்சான். அந்த வெத்து மண்ணப் பாத்துத் தலையக் குனிஞ்சான். குனிஞ்சு நிமிந்து சொன்னான்: "செத்தவங்கள நாங்க தேடுறதில்ல."

சொல்லிட்டு மண்ணு மேலயே உக்காந்து கால நீட்டுனான். "அமுத்து."

ஏன் விட்டான்? யாருக்குத் தெரியும்! கை வேணும்னு விட்டான்னு சிலர் சொல்லுவாங்க. அவன் ஊர்லயும் அப்படி அமுத்துற ஒரு ஆளு இருந்திருக்கணும்னு கெராணி சொல்லுவாராம். எட்டு மாசம் ஆபீசர் வாரா வாரம் வந்தான். வாரா வாரம் அந்த மேட்டுல பாவாயி அமுத்துனா. இன்னிக்கு மனசு மாறிருவானோ, இன்னிக்கு மாறிருவானோன்னு வாரா வாரம் அவன் முகத்தப் பாத்துட்டுத்தான் குனிவா. ஒரு வாரம் வரல. அப்புறம் வரவே இல்ல.

ஜப்பான்காரன் போனதும் சின்சே பரண விட்டு எறங்குனா. எறங்குனவளுக்கு நடக்க வரல. பாவாயிதான் ஒரு மாசம் கால அமுத்தி நடக்க வச்சா. சின்சே மேட்டுக்குப் போய்த் தன் பேரத் தானே படிச்சுப் பாத்தாளாம். அழுதாளாம், கொஞ்சம் சிரிச்சாளாம். அப்புறம் டவுனுல இருந்த தம்பி மகன்கிட்டப் போயி, பதினஞ்சு வருசம் இருந்து, அங்கேயே அடங்குனா.

பலகை கறையான் அரிச்சுப் போச்சு. அந்த எடத்துல லயத்து ஆளுங்க சிமிட்டி வச்சாங்க. பேரு எழுதல. அதுதான் நீங்க பாத்த ஆளில்லாச் சமாதி.

பாவாயி வயசாகியும் கை வச்சுக்கிட்டுத்தான் இருந்தா. ஒருநா வெளித் தோட்டத்துலேருந்து கழுத்துப் பிடிப்போட ஒருத்தன் வந்தான். நல்ல பையன்தான். அவ கை தோள்ல பட்டதும் ஆசையாக் கேட்டான்: "ஆத்தா, உங்களுக்கு யாரு சொல்லிக் குடுத்தது?"

கை நின்னுருச்சாம். யுத்தம் முடிஞ்சு இருவது வருசம் ஆகியும், அந்த ஆபீசர் எதுக்க உக்காந்திருக்கிற மாதிரி அவ வாசலப் பாத்தாளாம், பரணப் பாக்குற மாதிரி கூரையப் பாத்தாளாம். அன்னிக்கு அவளால அமுத்த முடியல. மறுநாளும் முடியல.

அன்னிலேருந்து இந்தத் தோட்டத்துல பழக்கம் இதுதான். கை வைக்கிறவங்க முதல்ல மேட்டுக்குப் போயி அந்தச் சிமிட்டி மேல ரெண்டு உள்ளங்கையும் பதிப்பாங்க. மூச்சு எறங்குற வரைக்கும் எடுக்க மாட்டாங்க. வலியோட வந்தவங்க எவ்வளவு நேரமானாலும் காத்திருப்பாங்க. என்ன வேணா கேக்கலாம். யாரு சொல்லிக் குடுத்ததுன்னு மட்டும் இங்க யாரும் யாரையும் கேக்குறதில்ல.