சுருட்டையின் வாடை

— அந்தப் போர்வையைத் தூக்கிப் போட்டுடு. இனிமே அதைத் துவைச்சு யாருக்கு ஆகப் போகுது?

— இருக்கட்டுங்க, நனைச்சாச்சு. அலசிக் காயப் போட்டுடறேன். நீங்க முதல்ல உக்காருங்க. ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்ததுலேர்ந்து நின்னுக்கிட்டே இருக்கீங்க.

— உக்காந்தா சுருட்டை வந்து காலடியில படுக்கும்னு தோணுது.

— வாய்விட்டு அழுதுடுங்களேன். பெத்த பிள்ளை மாதிரி வளர்த்த நாய் காலைல செத்துப் போயிருக்கு, உங்க முகத்துல ஒரு அசைவு இல்ல. அந்த டாக்டர்கூட கண்ணைத் துடைச்சுக்கிட்டாரு.

— அழுகை உள்ளதான் இருக்கு மேடம். முகத்துக்கு வரமாட்டேங்குது. நான் என்ன பண்ண?

— இன்னிக்காவது பொண்டாட்டியை மேடம்னு கிண்டல் பண்ணாம பேசுங்க. டாக்டர் உங்களைத் தனியாக் கூட்டிட்டுப் போய் என்ன சொன்னாரு?

— நான்தான் கொன்னேன்னு சொன்னாரு. அந்த வார்த்தையில சொல்லல, மரியாதையாச் சொன்னாரு. ஒவ்வொரு முடிக்கு அடியிலயும் துளியூண்டு எண்ணெய்ச் சுரப்பி இருக்காம். அதுலேர்ந்து கசியற எண்ணெய்தான் தோலுக்குக் கவசமாம். தோல் வெடிக்காம இருக்கறதும் அதனால, கிருமி உள்ள போகாம இருக்கறதும் அதனால. நாய்க்கும் அதேதானாம், மனுஷனுக்கும் அதேதானாம்.

— அந்த எண்ணெயைப் போய் நீங்க...

— பட்டறையில எஞ்சின் கழுவற தூளைப் போட்டு தினம் தேய்ச்சேன். என் புத்தி அவ்வளவுதான். எண்ணெய் கசிஞ்சா துடை, பிசுக்கு இருந்தா கழுவு. காலமெல்லாம் இரும்போட கிடந்தவனுக்கு வேற என்ன தெரியும்?

— நாய் ஷாம்பு வாங்கிட்டு வாங்கன்னுதானே நான் சொன்னேன்?

— வாங்கினேனே! அதைப் போட்டுக் குளிப்பாட்டி, துவட்டி, உன் முன்னாடி நிறுத்தினேன். நீ வாசல்லயே மூக்கைப் பொத்திக்கிட்டு, ரூம்ல இன்னும் வாடை அடிக்குதுன்ன. அதுக்கப்புறம்தான் தூள்.

— அப்ப பழி என் தலைமேலயா?

— சேச்சே. உன் மூக்கை யார் குறை சொல்ல முடியும்? சலவைக்கடையில சீட்டைப் பார்க்காம எது யார் சட்டைன்னு எடுத்துக் கொடுக்கற மூக்கு. எனக்கு எந்த வாடையும் தெரியல. நீ சொன்னா இருக்கும்னு தேய்ச்சேன்.

— உங்களுக்கு எதுதான் தெரியுது? அன்னிக்கு அடுப்புல பால் தீஞ்சு வீடெல்லாம் புகை. பக்கத்துலயே உக்காந்து பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்தீங்க.

— தேய்க்கத் தேய்க்கச் செதில் செதிலா உதிர்ந்துச்சு. அழுக்குதான் கழண்டு வருதுன்னு சந்தோஷப்பட்டேன், தெரியுமா? வாளியைப் பார்த்தாலே நடுங்கும். ஆனா கூப்பிட்டா வரும். ஓடியிருக்கலாம். ஓடலையே.

— போதுங்க.

— அந்த டப்பா மேல கையுறை படம் போட்டிருக்கு. நான் மாட்டிக்கிட்டேன். அதுக்கு மாட்டிக்க என்ன இருந்துச்சு?

— போதும்னு சொல்றேன்ல!

— அப்புறம் தோல் வெடிச்சு, சீழ் வெச்சு, ரத்தத்துல கலந்து... சுருட்டைன்னு ஆசையாப் பேர் வெச்சோம். கடைசியில தடவிக் கொடுக்க ஒரு கத்தை முடி இல்ல அது உடம்புல.

— டம்ளரைக் கீழ வைங்க. டீ எல்லாம் சட்டையில சிந்துது.

— தூக்கம் கெட்ட கை. அப்படித்தான் இருக்கும்.

— போன மாசமும் தூக்கம் கெட்ட கைதான். சட்டைக்குப் பித்தான் நான்தானே போட்டு விடறேன்.

— ஒரு விதத்துல சுருட்டைக்கு விடுதலை. எங்கப்பா மாதிரி வருஷக்கணக்கா நடுங்கிக்கிட்டு, ஒரு வாய் ஊட்டி விட ஆள் வருமான்னு பார்த்துக்கிட்டுக் கிடக்கல. எனக்கும் சட்டுன்னு போயிடணும். அப்பா கிடந்த கிடை மட்டும் வேணவே வேணாம்.

— வாயில நல்ல வார்த்தையே வராதா உங்களுக்கு?

— டாக்டர் கடைசியா ஒண்ணு கேட்டாரு. நாய்க்கு மொதல்ல என்ன கோளாறுன்னாரு. வாடை அடிச்சுதுன்னேன். 'இந்தத் தூளெல்லாம் போடறதுக்கு முன்னாடி ஊசிக்குக் கூட்டிட்டு வந்தீங்களே, நான் மடியில வெச்சுப் பார்த்தேனே, தோல் பட்டு மாதிரி இருந்துச்சு, ஒரு வாடையும் இல்லையே'ங்கறாரு.

— இருந்துச்சுங்க. அப்பவும் இருந்துச்சு. எண்ணெய் ஊறிப் போன பஞ்சு மக்கின மாதிரி. நம்ம ரூம் கதவைத் தொறந்தாலே மூக்குல ஏறும். கட்டில்கிட்டதான் ஜாஸ்தி. அது உங்க தலைமாட்டுலதானே படுத்துக் கிடந்துச்சு.

— ஆமா. விடியறதுக்குள்ள என் நெத்தி பூரா நக்கி வெச்சிருக்கும். அதை வெளிய கட்டச் சொன்னது யாரு?

— நான்தான். குத்திக் காட்டாதீங்க.

— குத்திக் காட்டல.

— சுருட்டை போர்வையை நனைக்கறதுக்கு முன்னாடி மோந்து பார்த்தேங்க. மருந்து வாடைதான் அடிச்சுது. வேற ஒண்ணுமே இல்ல.

— அப்பாடா. செத்தாவது உன் மூக்கைக் குளிர வெச்சுதே... கோவிச்சுக்காதே, நிஜமாத்தான் கேக்கறேன். நாய் வாரம் பூரா ஆஸ்பத்திரியில கிடந்துச்சு. ரூம்ல வாடை போச்சா, இல்லையா?

— நெத்தியில என்னங்க இது, இப்படி எண்ணெய் வழியுது?

— கேட்டதுக்குப் பதில் சொல்லு. அந்தத் தலையணை உறையை ஏன் உருவற? நேத்துதானே மாத்தின?

— கொஞ்சம் குனிங்க.

— என் தலையை ஏன் மோந்து பார்க்கற? பைத்தியமா உனக்கு? ஏய்... எதுக்கு இப்படி அழற? சுருட்டைக்கா?

— இந்த வீட்டுக்கு வந்த நாள்லேர்ந்து மாமா துணியெல்லாம் நான்தானே துவைச்சேன்... அவருக்குக் கை நடுங்க ஆரம்பிக்கறதுக்கு ரொம்ப முன்னாடியே அவர் தலையணையில இருந்துச்சுங்க, இதே வாடை.