யாரும் நிற்காத இடம்

— இந்தப் படமும் போச்சு அண்ணி. ஏரி மங்கல், மலை அதுக்கு மேல மங்கல். இதைப் பெருசாக்கி ஹால்ல மாட்டினா, வர்றவங்க மூக்குக் கண்ணாடியைத் துடைச்சுத் துடைச்சுப் பார்க்கப் போறாங்க.

— உங்க அண்ணன் போய்ச் சேர்ந்து ஒரு மாசம்கூட ஆகல. அதுக்குள்ள கிண்டலா தம்பி?

— கிண்டல் இல்ல, வயித்தெரிச்சல். கூடப்பிறந்தவன் ஸ்டுடியோ வெச்சிருக்கேன். டப்பா டப்பாவா பிலிமைச் சேர்த்து வெச்சாரே, ஒண்ணாவது கழுவக் குடுத்தாரா? இப்போதான் எல்லாத்தையும் கழுவிப் பார்க்கிறேன்.

— படம் யாருக்கு வேணும்பார். விடியுறப்ப காட்டுல தனியா நிக்கணும், அவ்வளவுதான்பார். நானும் வரேன்னு ஒருதரம் கேட்டேன். ஆள் இருந்தா காடு வாயை மூடிக்கும்னுட்டார்.

— அவருக்கு நாக்குல எப்பவும் முள்ளுதான்.

— என்னை ஒரு படம் எடுத்ததில்ல தம்பி. வீட்டுல என்னைப் பார்த்துச் சலிச்சுத்தான் காட்டுக்கு ஓடுறார்னு நெனச்சுக்கிட்டேன். சரி, நல்லதா ஒண்ணு எடுங்க, மாட்டுவோம்.

— நல்லதே இல்லையே. இதுல பாருங்க, இந்தப் புல்லு மட்டும் பனித்துளியோட பளிச்சுன்னு இருக்கு. இதுல இந்தக் கல்லு. எல்லாத்துலயும் ஒரே தூரத்துல இருக்கிறது மட்டும்தான் தெளிவு. அதுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒரே புகை.

— கை நடுங்கியிருக்குமோ?

— நடுங்கினா எல்லாமே கலங்கும். இது வேணும்னே வெச்ச போகஸ். ஒரு ஆள் முகத்துக்கு வைக்கிற மாதிரி.

— அங்க யார் நின்னா?

— யாரும் நிக்கலையே அண்ணி. வெத்து இடம்.

— நின்னுட்டு, படம் எடுக்கும்போது விலகியிருக்கலாம்ல? மறைக்காம சொல்லுங்க. உங்களுக்குத் தெரிஞ்சவளா?

— ஐயோ, வேற வம்பு வேண்டாம். அவரோட குப்பை கொட்ட உங்களை விட்டா யாரால முடியும்? இருங்க, அண்ணன் கேமராவைக் குடுங்க… இது என்ன, தூரம் வைக்கிற லென்ஸ் வளையத்துல டேப் ஒட்டியிருக்கு? திருப்பவே முடியல.

— கறுப்பு டேப்பா?

— ஆமா. வெச்ச தூரம் அசையக் கூடாதுன்னு ஒட்டியிருக்கார். காட்டுல போய் யாராவது இப்படி…

— அது காட்டுல ஒட்டினது இல்ல.

— பின்னே?

— தினம் கிளம்புறப்ப, கேட்டைத் தாண்டி அந்த விளக்குக் கம்பத்துக்கிட்ட நின்னு திரும்புவார். நான் வாசப்படியில நிப்பேன். கேமராவைக் கண்ணுல வெச்சு வளையத்தைத் திருப்புவார். எடுக்க மாட்டார். சர்ருன்னு டேப்பைக் கிழிச்சு ஒட்டிக்கிட்டுப் போயிருவார். கேமரா சரியா இருக்கான்னு பார்க்கிறார்னு நெனச்சேன்.

— அண்ணி… அப்போ அந்தப் புல்லு இருக்கிற தூரம், கம்பத்துலேருந்து வாசப்படிக்கு…

— அந்தப் புல்லுப் படத்தை இப்படிக் குடுங்க தம்பி.

— தண்ணி தரவா?

— வேண்டாம். கடைசியா எடுத்தது எது?

— இந்த டப்பா. மேல மாசம் எழுதியிருக்கு.

— அந்த மாசமெல்லாம் நான் வாசலுக்கே வரல. தனியா இருக்கத்தானே போறீங்க, வழியனுப்ப நான் எதுக்குன்னு ஒருநாள் வெடிச்சுட்டேன். மறுநாள்லேருந்து கதவு சாத்தித்தான் இருக்கும். ஆனா டேப் கிழியுற சத்தம் மட்டும் கேக்கும்.

— யாருமில்லாத வாசலைப் பார்த்தா?

— பாருங்க தம்பி. அதுலயும் அதே தூரம்தானா?

— இல்ல. இதுல மாறியிருக்கு.

— விட்டுட்டார், இல்ல? நான் வரலைன்னதும் விட்டுட்டார்.

— விடல. ஒரு எட்டு தள்ளிப் போயிருக்கு, அவ்வளவுதான். ஏன்னுதான் புரியல. எல்லாப் படத்துலயும் அதே ஒரு எட்டு.

— அவர் தெருமுனை திரும்புற வரைக்கும், சாத்தின கதவுக்குப் பின்னால, படிக்கு ஒரு எட்டு உள்ளதான் தம்பி நின்னேன், மூச்சுகூட விடாம.