முந்திக் கீறின கண்

— மகேஸ் அண்ணை, கொஞ்சம் நில்லுங்கோ. இடுப்பு நிமிருதில்லை. விடிஞ்சதில இருந்து பதினாறு கட்டில் விரிச்சனான்.

— இடுப்பைப் பிறகு பாப்பம் அன்னமலர். இருபத்துநாலாம் அறையில என்ன செய்தனி? அந்த ஜப்பான் அம்மா சிவப்புப் பொம்மையோட ரிசெப்ஷன்ல நிண்டு அழுறா. மனேச்சர் உன்னைத் தேடுறார்.

— நான் உடைக்கேல்லை அண்ணை, மாதாவாணை! பதினொரு வருசமா சுவிஸ்ல, இந்த இன்டர்லாக்கன் ஹோட்டல்ல கட்டில் விரிக்கிறன், ஒரு முறைப்பாடு வந்ததோ? நல்லதுதான் செய்தனான்.

— என்ன நல்லது?

— அதுக்கு ஒரு கண்தான் கிடந்தது. செய்தவன் மற்றதைக் கீற மறந்திட்டான். காசு குடுத்து வாங்கின மனிசி, பாவம், விடிய எழும்பி ஒற்றைக்கண்ணிலயோ முழிக்கிறது? என்ர கண்மைப் பென்சிலால வட்டமாக் கீறி விட்டனான். வடிவா இருந்தது.

— விசரி! ஒருத்தனும் மறக்கேல்லை. தருமா எண்டு அவையின்ர ஊர்ச் சாமான் அது. இஞ்ச கடைக்குக் கடை மாட்டு மணி தொங்குற மாதிரி அங்க அது. வாங்கேக்க ரெண்டு கண்ணும் வெள்ளை. ஒண்டை மனசில நினைச்சு ஒரு கண் கீறவேணுமாம். நினைச்சது நடந்தால்தான் மற்றக் கண். ரிசெப்ஷன் பெட்டை சொன்னவள்.

— அப்ப... நேர்த்திக்கடனோ?

— நேர்த்திதான். ஆற்றையோ நேர்த்தியை, நினைச்சது நடக்க முந்தி நீ தீர்த்துப்போட்டாய்.

— என்ன நினைச்சவவாம்?

— மகன் நேற்று ஒரு கூட்டாளியோட மலை ஏறப் போனவன். பின்னேரம் இறங்கியிருக்க வேணும். இன்னும் இல்லை. விடியவே ஹெலிகொப்டர் தேடப் போட்டுது.

— மாதாவே! நான் போய் அழிச்சு விடுறன். பஞ்சும் கிறீமும் பையில கிடக்கு.

— திறந்த கண்ணைக் குருடாக்கப் போறியோ? சும்மா நில்!

— வேலை போனால் போகட்டும் அண்ணை. அந்தப் பொடியனுக்கு ஒண்டும்... பொறுங்கோ. கேக்குதோ?

— என்ன?

— உந்தச் சலவை மெஷினை நிப்பாட்டுங்கோ! இப்ப?

— ஹெலி! ஹெலிதான்! வா, யன்னலுக்கு வா!

— விலத்துங்கோ, உங்கட முதுகு முழு மலையையும் மறைக்குது! பின்பக்கப் புல்லில இறங்குது... ஐயோ, ஆரையும் தூக்கி வருகினமோ?

— இல்லை பிள்ளை! நடந்து வாறான்! தன்ர காலில நடந்து வாறான்!

— நொண்டுறான். நொண்டட்டும்! ஜப்பான் பொடியன்தான் அண்ணை, பாருங்கோ, பாருங்கோ!

— தாய் ஓடுறா! காலில செருப்பும் இல்லை! பொம்மையையும் கட்டிக்கொண்டு ஓடுறா!

— சொன்னனான் எல்லே, நல்லதுதான் செய்தனான் எண்டு! மனேச்சர் இப்ப வரட்டும், நான் கதைக்கிறன்! கட்டிப்பிடிச்சிட்டாவோ?

— இல்லை.

— ஏன்?

— முகத்தைப் பாத்தவ. அப்பிடியே நிக்கிறா. அது மகன் இல்லைப் பிள்ளை, கூடப்போன பொடியன். மேல கையைக் காட்டுறான்... ஹெலி திரும்ப எழும்புது. ஏய், எங்க ஓடுறாய்? வாசல்ல மனேச்சர் நிக்கிறார்!

— நிக்கட்டும். கண்ணை அழிச்சுப் போடாதேங்கோ எண்டு அந்த அம்மாவிட்டைச் சொல்லவேணும். பொம்மை மற்றக் கண்ணைக் கூலியா முந்தியே வாங்கிட்டுது. அது அவவுக்கு இன்னும் ஒரு பிள்ளை கடன்.