வாயில்காரியின் இடது புருவம்

இயக்குநருக்கு நன்றி சொல்லி நம் குழுவில் போட்டிருக்கும் அந்தப் பதிவு நன்றாகத்தான் இருக்கிறது. ஓர் எழுத்துப்பிழைகூட இல்லை, நம் ஆட்களுக்கு அதுவே பெரிய விஷயம். 'புத்தகத்தை வரிவரியாகப் படித்துவிட்டு எடுக்கிறார், வாசகர் மனசு தெரிந்த மனுஷர்' என்ற இடத்தில் மட்டும் எனக்குச் சின்ன வருத்தம். அவர் முதல் பாகத்தையே இன்னும் பாதி தாண்டவில்லை. அவர் மேஜையில் கிடக்கும் பிரதியில் அடையாளத்துக்கு வைத்த பஸ் டிக்கெட், படப்பிடிப்பு தொடங்குவதற்கு முன்னாலிருந்தே அதே பக்கத்தில்தான் இருக்கிறது. நான் தினமும் எட்டிப் பார்க்கிறேன்.

அதனால் பாராட்டு சேர வேண்டிய இடத்துக்குச் சேரட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். பெருமைக்காக இல்லை. நடந்தது நடந்தபடி தெரிந்தால் போதும்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. 'ஈரநெருப்பு' ஏழு பாகம். மந்திரவாதி உண்டு, பார்வை இழந்த அரசன் உண்டு, பேசும் மலை உண்டு. ஆனால் நம்மில் யாரும் அவர்களுக்காகப் படிக்கவில்லை. கோட்டை வாசலில் நிற்கும் அந்தப் பெண்ணுக்காகத்தான் படித்தோம். அவளுக்குப் பேர்கூடக் கிடையாது, எல்லோருக்கும் அவள் வாயில்காரி. அதைத் திரைத்தொடராக எடுக்கப்போகிறார்கள் என்று செய்தி வந்த அன்று குழுவில் பாதிப்பேர் குதித்தார்கள், பாதிப்பேர் 'கெடுத்துடுவாங்க, கண்டிப்பா கெடுத்துடுவாங்க' என்று தலையில் கை வைத்தார்கள். நான் இரண்டும் செய்தேன்.

பிறகு வாயில்காரியாக நடிக்கப்போவது யார் என்று அறிவித்தார்கள். என் அக்கா.

குழுவில் யாருக்கும் அவள் என் அக்கா என்று தெரியாது. 'இவளா? முகத்துல பால் வடியுது, இவ கதவத் தொறந்து விடுவா, காவலா காப்பா' என்று ஒருத்தர் எழுதினார். அதற்கு நானும் ஒரு லைக் போட்டேன். சொந்தம் வேறு, நியாயம் வேறு.

அக்காவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மெத்தை விளம்பரத்தில் படுத்துக் கொட்டாவி விடுவது, சீரியலில் கதாநாயகியின் தோழியாகப் பின்னால் நின்று தலையாட்டுவது, அவளுடைய நடிப்பு வாழ்க்கை அதுவரைக்கும் அவ்வளவுதான். இந்த வேடம் கிடைத்த அன்று குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். குழாயைத் திறந்துவிட்டுத்தான் அழுதாள், ஆனாலும் கேட்டது. அம்மாவும் அப்பாவும் வேறு ஊரில் இருக்கிறார்கள், வீட்டில் நாங்கள் இரண்டே பேர். என்னையே தன் உதவியாளராகச் சேர்த்துக்கொண்டாள். கழுத்தில் அடையாள அட்டை, ஒரு கையில் தண்ணீர் பாட்டில், மறு கையில் குடை. ஒரு ரசிகைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்.

"ஏய் குட்டிச்சாத்தான், உன் குழுவுல என்னப் பத்தி என்னடி சொல்றாங்க?" என்று ஒருநாள் கேட்டாள். என்னை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள்.

"ரொம்பப் புடிச்சிருக்காம்."

"பொய் சொல்லாத. உன் மூஞ்சியே சரியில்ல."

"முடிதான் கொஞ்சம் இடிக்குதாம்."

முடிதான் உண்மையிலேயே இடித்தது. வாயில்காரி முதல் அத்தியாயத்திலேயே தன் பின்னலைத் தானே கத்தியால் அறுத்து வாசலில் தொங்கவிடுவாள். இவர்களோ அக்காவின் இடுப்பு வரைக்குமான முடியை அப்படியே பறக்கவிடுவதாக இருந்தார்கள், ஏனென்றால் தொடரை வழங்குவது ஒரு ஷாம்பு நிறுவனம். நீங்கள் எல்லோரும் கொதித்தீர்கள். 'ஷாம்புக்காரி' என்று பேர் வைத்ததும் நீங்கள்தான்.

வாள் பயிற்சி முடிந்து வந்து மத்தியானம் சோபாவில் தூங்குவது அக்காவின் வழக்கம். அன்றைக்கு நான் ஒரு பாக்கெட் சூயிங்கம்மை முழுவதுமாக மென்றேன். தாடை விட்டுப்போயிற்று. பிறகு பின்னலின் அடியில் இல்லாமல், பிடரிக்குப் பக்கத்தில், பொறுமையாக வைத்துத் தேய்த்தேன்.

எழுந்தவள் பின்னந்தலையைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள். "இது எப்படிடி வந்துது?"

"பஸ்ல யாராவது ஒட்டியிருப்பாங்க."

"நான் கார்லதானடி வந்தேன்."

"அப்ப கார்லதான்."

எண்ணெய் தேய்த்தால் சூயிங்கம் கழன்றுவிடும் என்று இணையத்தில் எல்லா இடத்திலும் போட்டிருக்கிறது. அதை அவளிடம் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. கத்தரிக்கோல்தான் கைக்குக் கிடைத்தது. கடைசியில் நுனியை மட்டும் காய் நறுக்கும் கத்தியால் அறுத்தேன். கத்தரிக்கோல் வெட்டு நேராக விழுகிறது, புத்தகத்தில் அப்படி இல்லை.

"என்னத் தூக்கிடுவாங்கடி," என்றாள் அக்கா, கண்ணாடியைப் பார்த்தபடி. "நாளைக்கே எனக்குப் போட்டியா வந்த அந்தப் பல்பசை விளம்பரப் பொண்ணக் கூப்பிட்டுடுவாங்க." கொஞ்சநாள் தொப்பியோடு திரிந்தாள். நீங்கள்கூட அதை ஏதோ புது ஃபேஷன் என்று நினைத்தீர்கள்.

தூக்கவில்லை. தொப்பியைக் கழற்றச் சொன்ன இயக்குநர் அவளைச் சுற்றி ஒருமுறை நடந்தார். "இதான். இதத்தான் நான் ரொம்ப நாளா யோசிச்சிட்டிருந்தேன்," என்றார். முன்னோட்டம் வந்த அன்று குழுவில் நீங்கள் ஆடிய ஆட்டம் ஞாபகம் இருக்கிறதா? 'டைரக்டர் நம்ம ஆளுப்பா' என்று ஒருத்தர் அழுதுகொண்டே குரல்பதிவு போட்டிருந்தார். உங்களை நான் குறை சொல்லவில்லை. நீங்கள் கேட்டீர்கள், நான் செய்தேன், அவர் பேர் வாங்கிக்கொண்டார். உலகம் அப்படித்தான்.

அடுத்தது புருவம். இரண்டாம் பாகத்தில் பருந்து கீறியதில் வாயில்காரியின் இடது புருவம் இரண்டாகப் பிளந்துவிடும், அந்தப் பிளவில் முடி முளைக்காது. அவள் கோபப்படும்போதெல்லாம் புருவத்தின் ஒரு பாதி மட்டும் ஏறும் என்று எழுத்தாளர் எழுதியிருப்பார். அந்த வரிக்காகவே நம்மில் சிலர் புருவத்தைச் சிரைத்துக்கொண்டிருக்கிறோம்.

மேக்கப் போடும் அக்கா, என் அக்காவோடு எடுத்துக்கொண்ட ஒரு படம் எப்படியோ வெளியே கசிந்தது. தழும்பு வலது பக்கம் இருந்தது. குழு பற்றி எரிந்தது. நம் வரிக்குவரி அண்ணன், அதுதான் எதற்கெடுத்தாலும் பக்கம் சொல்லி மேற்கோள் காட்டுவாரே அவர், 'ஒரு புருவத்த ஒழுங்கா வைக்கத் தெரியாதவங்க ஒரு கோட்டைய எங்க வைக்கப்போறாங்க' என்று எழுதினார். அதற்குக் கீழே இன்னொருத்தர்: 'மேக்கப்னா இப்படித்தான். இன்னிக்கு வலது, நாளைக்கு மூக்கு.'

எனக்கு அது நியாயமாகப் பட்டது. வரைந்த தழும்பு இடம் மாறும். நிஜத் தழும்பு வைத்த இடத்தில் இருக்கும்.

எங்கள் சமையலறைத் தொட்டிக்கு மேலே ஓர் அலமாரி இருக்கிறது, கதவின் மூலையில் தகரம் பதித்தது. சோப்புத்தூள் டப்பா தொட்டிக்குக் கீழே. அக்கா குனிந்தால் மெதுவாகக் குனிவாள், எழுந்திருக்கும்போது மட்டும் ஸ்பிரிங் மாதிரி எழுவாள். கதவை எவ்வளவு திறந்து வைத்தால் மூலை இடது பக்கம் வரும் என்று என் தலையை வைத்தே ஒத்திகை பார்த்தேன். எனக்கு உயரம் போதாது, ஸ்டூல் போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. என் நெற்றியும்தான் வீங்கியது. நான் சொகுசாக உட்கார்ந்துகொண்டு செய்தேன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது.

"அக்கா, சோப்புத்தூள் கொஞ்சம் எடுத்துக் குடேன்," என்றேன்.

எடுத்துக் கொடுத்தாள்.

மருத்துவமனையில் டாக்டரம்மா ரொம்ப நல்ல மாதிரி. "நடிகையா? கவலையே படாதீங்க, தழும்பு தெரியாம தைச்சுடறேன்," என்றார்.

"தெரியட்டும் டாக்டர்," என்றேன். "நடுவுல, கொஞ்சம் சாய்வா வந்தா போதும்."

ஊசியோடு கை அப்படியே நிற்க, அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "நீங்க யாரும்மா?"

"தங்கச்சி."

அக்கா கண்ணில் தண்ணீரோடு சிரித்தாள். "அவ எப்பவும் இப்படித்தான் டாக்டர். நான் அழக்கூடாதுன்னு ஜோக் அடிப்பா."

டாக்டரம்மா தன் இஷ்டப்படிதான் தைத்தார். தையல் பிரித்த பிறகு தழும்பு மறையத் தடவச் சொன்ன களிம்பு மட்டும் என் பொறுப்பில் இருந்தது. அந்தப் பொறுப்பை நான் ஒழுங்காகப் பார்த்துக்கொண்டேன். டியூப் இன்னும் என் இழுப்பறையில் பிரிக்காமல் இருக்கிறது. அக்கா தடவிக்கொண்டது கைக்குப் போடும் க்ரீம், அதனால் கெடுதல் ஒன்றும் இல்லை.

படப்பிடிப்புக்குத் திரும்பிய அன்று மேக்கப் அக்கா அவள் முகத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து அசந்துபோனார். "அட, எனக்கு வேலையே இல்லாம பண்ணிட்டியே. நான் போடற அதே எடம்."

"நீங்க வலது பக்கம்ல போட்டிருந்தீங்க?" என்றேன்.

"யாரு சொன்னா? மொத நாள்லேருந்து இடதுதான்."

"கசிஞ்ச போட்டோல வலது இருந்துச்சே."

"அது செல்ஃபிம்மா. என் போன் எல்லாத்தையும் கண்ணாடி மாதிரி திருப்பிக் காட்டும். எங்க பின்னாடி போர்டுல எழுத்தெல்லாம் திரும்பி இருந்துச்சே, உங்க ஆளுங்க ஒருத்தர்கூடவா பாக்கல?"

படத்தை எடுத்துப் பார்த்தேன். போர்டு பெரிசாகவே இருந்தது. எழுத்தெல்லாம் திரும்பித்தான் இருந்தது. உறையின் தையலை வைத்து அது எந்தப் பாகத்து வாள் என்று கண்டுபிடிக்கிற நாம், நம்மில் ஒருத்தர்கூட, அதைப் பார்க்கவில்லை.

கொஞ்ச நேரம் எனக்கு ஒரு மாதிரியாகத்தான் இருந்தது, மறைக்கவில்லை. பிறகு யோசித்துப் பார்த்தேன். மேக்கப் அக்காவுக்குத் தினமும் காலையில் வேலை மிச்சம். இனி எந்தப் படம் கசிந்தாலும் கவலை இல்லை. அக்காவுக்குக் கோபம் வந்தால் இப்போது புருவத்தின் ஒரு பாதி மட்டும்தான் ஏறுகிறது. நேற்றுக் காபியில் சர்க்கரை போட மறந்தேன், அப்போது ஏறியது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. எழுத்தாளர் பார்த்திருந்தால் என் கையைப் பிடித்துக்கொண்டிருப்பார்.

அக்காவுக்கு என் மேல் சந்தேகமே இல்லை. "நீ மட்டும் கூட இல்லன்னா இந்தக் கண்டத்துக்கெல்லாம் நான் எப்பவோ ஓடிப்போயிருப்பேன்டி," என்று, தையல் போட்டு வந்த அன்றைக்கு என் தோளில் சாய்ந்துகொண்டாள். கட்டின் மருந்து வாசனை. நானும் அவள் தலையைத் தடவிக் கொடுத்தேன். குட்டை முடி, கைக்கு நன்றாக இருந்தது.

இனிமேல்தான் விஷயம். நேற்று மொத்தப் படக்குழுவும் உட்கார்ந்து அடுத்த கட்டத் திரைக்கதையை வாசித்தார்கள். வாயில்காரியின் நொண்டல் அதில் இல்லை. எடுத்துவிட்டார்கள். "ஆக்‌ஷன் நிறைய இருக்கு. நொண்டினா பாவமா இருக்கும்," என்றார் இயக்குநர். நான் குடையைக் கீழே போட்டுவிட்டேன்.

கண் தெரியாத அரசன், நூறு காலடிச் சத்தங்களுக்கு நடுவே அந்த ஒரு தடுமாறும் காலைக் கேட்டு 'நீயா' என்று கேட்கிற இடம். அதைப் படித்துவிட்டு நம்மில் யார் அழவில்லை? நொண்டல் இல்லாவிட்டால் அரசன் எதைக் கேட்பான்? சென்ட் வாசனையையா?

வீட்டுக்கு வரும் வழியில் அக்காவிடம் மெதுவாகப் பேசிப் பார்த்தேன். "நீயா நொண்டி நடிச்சுக் காட்டலாமே?"

"கேட்டேன்டி. அதெல்லாம் வேணாம்னுட்டார். நெஜமாவே கால்ல ஏதாவது ஆனா வேற வழியில்லாம வச்சுக்கலாம்னு சிரிச்சார். எனக்கு இதுதான்டி புடிச்சிருக்கு. ஓடற சீன் எவ்ளோ இருக்கு தெரியுமா? ஸ்கூல்ல ரிலே ஓடினதுக்கப்புறம் யாரும் என்ன ஓடவே விடல." இன்று காலையில்கூட எழுந்து தெருக்கோடி வரைக்கும் ஓடிவிட்டு வந்தாள். முகமெல்லாம் சிவந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தாள்.

இயக்குநர் விளையாட்டாகத்தான் சொல்லியிருப்பார். அவருடைய நல்ல யோசனைகள் எல்லாம் அப்படித்தான் வருகின்றன, யாராவது எடுத்துச் செய்ய வேண்டும்.

ஆனால் அளவு முக்கியம். அதிகமாகிவிட்டால் வேடம் பல்பசைப் பெண்ணுக்குப் போய்விடும், அக்கா தாங்க மாட்டாள், அவ்வளவு கல்நெஞ்சு எனக்கும் கிடையாது. எங்கள் மாடிப்படியின் மேல் வளைவில் இருக்கும் விரிப்பின் ஆணிகளைக் கழற்றிவிட்டேன். அங்கேயிருந்து விழுந்தால் உயிருக்கு ஒன்றும் ஆகாது, எட்டாவது படியில் சுவர் பிடித்துக்கொள்ளும். அக்கா எந்தக் காலை முதலில் வைத்து இறங்குவாள் என்பதும் எனக்குத் தெரியும். விரிப்பை ஒரு படி மேலேயோ கீழேயோ நகர்த்தினால் போதும், கால் மாறிவிடும்.

சிக்கல் அங்கேதான். மூன்றாம் பாகத்தில் கோபுரத்திலிருந்து இறங்கும்போது அவள் இழுத்து வைப்பது இடது கால். ஐந்தாம் பாகத்தில் அரசன் கேட்கும்போது தாமதமாக விழுவது வலது கால். புத்தக விழாவில் எழுத்தாளரிடமே நேரில் கேட்டேன். "உனக்கு எது தோணுதோ அதுதாம்மா," என்று சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். என் நிலைமையில் இருக்கும் ஒருத்திக்கு அது ஒரு பதிலா? புருவத்தில் செய்த மாதிரி அவசரப்பட்டுவிட எனக்கு இஷ்டமில்லை. இந்தத் தடவை எல்லோரையும் கேட்டுவிட்டுத்தான் செய்வது என்று இருக்கிறேன்.

மேலே குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றுவிட்டது. "குட்டிச்சாத்தான், என் ஓடற ஷூவ எங்கடி வச்ச?" என்கிறாள். கீழே இருக்கிறது, வா என்று சொல்லியிருக்கிறேன். தலை துவட்ட அவளுக்கு இப்போதெல்லாம் ரொம்ப நேரம் ஆவதில்லை. சீக்கிரம் சொல்லுங்கள், நீங்கள் என்ன நினைக்கிறீர்கள், இடதா, வலதா?