நாற்பது மைலுக்கு மேல்

தலையில் துணியைக் கட்டிக்கொண்டு திறந்த காரில் போவது எனக்கு ரொம்பப் பிடிக்கும், சார்ஜென்ட். அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு அந்தக் காரைக் கண்டாலே ஆகாது என்று என் நாத்தனார் உங்களிடம் சொல்லியிருப்பாள். அவள் சொல்வதில் பாதியைத் தள்ளிவிடுங்கள். மீதியையும் நம்ப வேண்டாம்.

நானாகவே நடந்து இந்த ஸ்டேஷனுக்கு வந்ததற்கு ஒரே காரணம், என் கணவர் லயனல் காரின் பக்கத் திரைக்கு நட்டைச் சரியாக முடுக்கவில்லை, அதனால்தான் செத்தார் என்று கார் சங்கத்தில் பேசிக்கொள்கிறார்கள். அவருடைய வேலையைக் குறை சொல்ல நான் விடமாட்டேன். அவர் முடுக்கினால் முடுக்கியதுதான்.

கல்யாணமான அடுத்த வருஷம் அந்தப் பச்சைக் காரை வாங்கினார். இரண்டு பேர் உட்காரலாம், மூன்றாவதாக ஒரு குடைக்கு இடமில்லை. துணிக் கூரை ஒன்று உண்டு. முப்பத்தோரு வருஷத்தில் அதை நான்கு தடவை விரித்திருப்பார், அதில் இரண்டு தடவை எலி கடித்திருக்கிறதா என்று பார்க்க. சங்கத்தில் எல்லாரும் அப்படித்தான். பாதிப் பேருக்கு மூட்டுவலி, மீதிப் பேருக்கு மூச்சிரைப்பு, ஆனால் கூரையை விரித்தால் மானம் போய்விடும். பிப்ரவரி மாதத்தில் டார்பிஷர் மலைமேல் கார்களை வரிசையாக நிறுத்தி, நீலம் பாரித்த உதட்டோடு பன்றி இறைச்சி சாண்ட்விச் தின்பதற்கு உல்லாசப் பயணம் என்று பெயர்.

முதல் வருஷமே நான் ஒன்றைக் கண்டுபிடித்தேன். நாற்பது மைல் வேகத்துக்கு மேல் போனால் அந்தக் காரில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது காதில் விழாது. "கொஞ்சம் மெதுவாப் போங்க லயனல், வயித்தைப் புரட்டுது" என்றேன். அவர் திரும்பிப் புன்னகைத்தார், தலையாட்டினார், வேகத்தைக் கூட்டினார். அடுத்த வளைவில் பரீட்சை வைத்துப் பார்த்தேன். "உங்கம்மா சமைச்ச ஆட்டுக்கறியைக் கால்ல மாட்டிக்கிட்டு நடக்கலாம்." அதற்கும் தலையாட்டினார். கட்டைவிரலை வேறு உயர்த்திக் காட்டினார்.

அன்றிலிருந்து ஞாயிறு என்றால் எனக்குக் கொண்டாட்டம். திங்கள் முதல் சனி வரை என்னைப் போல் ஒரு மனைவி கிடையாது. அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள், ஒரு சுடுசொல் கேட்டிருக்க மாட்டார்கள். ஆறு நாள் சேர்த்து வைத்ததை ஞாயிற்றுக்கிழமை மலையேறும்போது கொட்டித் தீர்ப்பேன். "ஏய் மொட்டை, நீ சூப்பு உறிஞ்சற சத்தம் தெருமுனை வரைக்கும் கேக்குது. வேலையிலேர்ந்து உன்னை அனுப்பினாங்களா, தப்பிச்சோம்னு ஓடிட்டாங்களா?" இதைப் புன்னகையோடு சொல்ல வேண்டும், அதுதான் நுணுக்கம். அவரும் புன்னகைப்பார். கல்யாணத்துக்கு முன் புத்திமதி கேட்க வரும் ஜோடிகளிடம் எங்கள் பாதிரியார் எங்களைத்தான் எடுத்துக்காட்டாகச் சொல்வார்.

திட்டினேன் என்று மட்டும் எழுதாதீர்கள். அனுமதியும் கேட்டேன். லயனலைக் கேட்காமல் நான் எதையும் செய்ததில்லை. சங்கத்துச் செயலாளர் பேசில் என்னை வியாழக்கிழமைகளில் டீக்கு அழைத்தபோது கேட்டேன். "பேசில் கூப்புடறாரு. வெறும் டீ இல்ல. போகட்டுமா?" தலையாட்டினார். மூன்று வருஷம் போய்வந்தேன். லயனலின் அம்மா விட்டுப்போன பீங்கான் தட்டுகளை உடைப்பதற்கு முன்னும் கேட்டேன். பதினெட்டுத் தட்டு, பதினெட்டு ஞாயிறு.

அப்புறம் பிராம்பிள். லயனலின் நாய். வயசான நாய் என்று சொல்ல முடியாது, ஆறு வயது. சோபாவில் என் இடத்தில் படுக்கும். மலைமேல் ஆட்டுக்கொட்டில் பக்கத்து வளைவில், "பிராம்பிளுக்கு ஊசி போட்டு முடிச்சுடட்டுமா?" என்று கேட்டேன். அவர் என் கையைத் தட்டிக்கொடுத்து நன்றாகவே தலையாட்டினார். செவ்வாய்க்கிழமை பக்கத்து ஊர் கால்நடை மருத்துவரிடம் கொண்டு போனேன். பிறகு மூன்று வாரம் மனுஷன் வயல் வயலாக விசிலடித்துக்கொண்டு தேடினார். 'காணவில்லை' என்று கம்பங்களில் தாள் ஒட்டியபோது நான்தான் பசை தடவிக் கொடுத்தேன். அந்த மாதிரி நேரத்தில் மனைவி கூட இருக்க வேண்டும் இல்லையா.

இந்த மார்ச்சில்தான் எல்லாம் கெட்டது. எனக்குக் காதில் குத்தல் வந்தது. குளிர்காற்று படக்கூடாது என்றார் டாக்டர். லயனல் கருவிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டார். கொட்டகைக்குள் போய்விட்டார். முதலில் அட்டையை வெட்டி அளவு பார்த்தார், சரியில்லை என்று மறுபடி வெட்டினார். மூன்று வாரத்தில் முன் கண்ணாடியின் இரண்டு ஓரத்திலும் உள்ளங்கை அகலத்துக்குக் காற்றுத் தடுப்பு வந்தது. கதவுகளின் மேல் அலுமினியச் சட்டம் போட்ட பக்கத் திரைகள் வந்தன. இடுக்கில் நுழையும் காற்றுக்கு ரப்பர் பட்டை. திரைக்கு இரண்டு நட்டு வீதம், கையாலேயே திருகலாம். என் பக்கத்தில் மட்டும் நட்டின் மேல் இன்னொரு நட்டைப் போட்டு, ஸ்பேனரால் முடுக்கினார். பெட்டியில் அவ்வளவுதான் இருந்தன. தன் பக்கத்துக்கு ஒற்றை நட்டு போதும் என்றுவிட்டார்.

சங்கத்தில் அவரை ஒரு வழி பண்ணிவிட்டார்கள். "என்னய்யா, காரைப் புள்ளைத் தள்ளுவண்டியா ஆக்கிட்டே?" என்றார் ஒருவர். "அடுத்த வாரம் லேஸ் திரையும் தெச்சு மாட்டிடுவான்" என்றார் பேசில். லயனலுக்குக் காது சிவந்து போனது. ஆனால் கழற்றவில்லை.

முதல் ஞாயிறு ஐம்பது மைலில் போனோம். மாதா கோயிலுக்குள் உட்கார்ந்த மாதிரி அமைதி. எனக்குப் பழக்கதோஷம். வழக்கமான இடம் வந்ததும் வாய் தானாகத் திறந்தது.

"ஏய் மொட்டை."

"என்னம்மா?" என்றார்.

சட்டென்று வெளியே கையைக் காட்டினேன். மலை மொட்டையாக இருக்கிறது என்றேன் என்று எதையோ சொல்லிச் சமாளித்தேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"எத்தனை வருஷமா நீ பேசிக்கிட்டே வர்ற, மேவிஸ். ஒரு வார்த்தை எனக்குக் கேட்டதில்ல. நான்பாட்டுக்கு மண்டைய ஆட்டிக்கிட்டு இருந்திருக்கேன். வெக்கமா இருக்கு. இப்பதான் கேக்குதே, ஒண்ணு விடாமச் சொல்லு. முதல்லேர்ந்து சொல்லு."

ஆறு ஞாயிறு வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வாரத்தில் ஏழு நாளும் நல்லவளாக இருக்க யாரால் முடியும், சார்ஜென்ட்? உங்களால் முடியுமா? எனக்குத் தூக்கம் போயிற்று. ஏழாவது ஞாயிறு அவர் ஆட்டுக்கொட்டில் வளைவில் வண்டியை ஓரங்கட்டினார்.

"பிராம்பிள் காணாமப் போனதுக்கு முந்தின ஞாயிறு, இங்க வச்சு நீ என்னமோ கேட்டே. நான் உன் கையத் தட்டினேன். நல்லா ஞாபகம் இருக்கு. என்ன கேட்டே?"

"ஞாபகம் இல்லீங்க."

"அவசரமில்ல. யோசிச்சு அடுத்த ஞாயிறு சொல்லு."

கோபமாகக் கேட்டிருந்தால் சமாளித்திருப்பேன். ஆசையாகக் கேட்டார். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

எனக்குக் காற்று திரும்ப வேண்டும், அவ்வளவுதான். ஒரு திரை பறந்து போனால் பழைய இரைச்சல் வந்துவிடும். என் பக்கத்து இரட்டை நட்டு என் விரலுக்கு அசையவில்லை. அதனால்தான் அவர் பக்கத்தில் கை வைத்தேன். வேறு உள்நோக்கம் கிடையாது. இரண்டு நட்டையும் கடைசிச் சுற்றில் நிற்கும்படி தளர்த்தினேன்.

திரை கழன்றால் அவர் எட்டிப் பிடிக்கப் பார்ப்பார் என்று தெரியாதா என்கிறீர்கள். தெரியும். அதில் ஒரு கீறல் விழ விடமாட்டார். அந்த வளைவில் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்தால் கல்சுவர், சுவருக்கு அந்தப் பக்கம் பள்ளம் என்பதும் தெரியும். முப்பத்தோரு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து போனவள் நான். அன்றைக்கு நான் போகாததற்குக் காரணம் தலைவலி. முந்தின நாளே வரும்போல இருந்தது, அதனால் ஒருவருக்கு மட்டும் சாண்ட்விச் கட்டினேன்.

உங்கள் தாளில் 'கணவருக்குத் தெரியாமல்' என்று எழுதியிருக்கிறீர்கள். அதை அடித்துவிடுங்கள், படிக்கவே மனசு நோகிறது. சனிக்கிழமை மத்தியானம் வாசலில் காரின் மூடியைத் தூக்கி, எஞ்சினை உறுமவிட்டு, அதற்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தார். நான் கதவோரம் நின்று, நட்டில் கையை வைத்துக்கொண்டு கேட்டேன். "இதைக் கழட்டி விட்டுடட்டுமா லயனல்? நாளைக்கு நீங்க செத்துருவீங்க." அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தார். பிறகு தலையாட்டினார்.