விளையட்டும்னு விட்ட மட்டி

— ஏனுங்க, வாசல் கேட்டுக்கிட்ட ஒரு அம்மா நிக்கறாங்க. மீன்வளத்துறை மோகன்குமார் சார் ஊடு இதுதானான்னு கேக்கறாங்க. கடக்கரையில இருந்து வந்துருக்காங்களாமா.

— பேரு என்ன சொன்னாங்க?

— தேசம்மாவாமா. மட்டிச் சிப்பி பொறுக்கற பொம்பளைங்க சங்கத்துக்குத் தலைவியாமா.

— லோகா, நான் ஊட்ல இல்லைன்னு சொல்லிப்போடு.

— லீவு போட்டுட்டு வந்து நாலு நாளா வாசப்படி தாண்டாம கெடக்கறீங்க. இப்ப இல்லைன்னு சொல்லோணுமா? என்னாச்சுங்க உங்களுக்கு?

— சொன்னதச் செய்யி அம்மணி. பொள்ளாச்சி போயிருக்காருன்னு சொல்லு. நான் இந்த ரூம்புக்குள்ள இருக்கறேன்.

— வாங்கக்கா, உள்ள வந்து உக்காருங்க. அவரு பொள்ளாச்சி வரைக்கும் போயிருக்காருங்க.

— அடக் கடவுளே. நேத்து பஸ் ஏறுனவ தாயி, மூணு பஸ் மாறி இந்தக் கிணத்துக்கடவு ஊரக் கண்டுபுடிச்சு வந்துக்கினு இருக்கேன். சாரு எப்ப வருவாரு?

— தெரியலீங்க. மொதல்ல மோரு குடிங்க. என்ன விசயம்னு எங்கிட்டச் சொல்லுங்க, வந்ததும் சொல்லிப்போடறேன்.

— நீதான் சம்சாரமா? நல்லா இரும்மா. ஒரு காயிதம் கொண்டாந்துருக்கேன். அதுல சாரு ஒரு கையெழுத்துப் போடணும். திங்கக்கெழம கலெக்டர் ஆபீசுல மட்டி விசாரணைக் கமிட்டி கூடுது. அதுக்குள்ள வேணும்.

— என்ன காயிதமுங்க?

— மட்டியத் திருடுனது நாங்கதான்னு ஒத்துக்கினு எழுதுனது. நாப்பத்தோரு பொம்பளைங்க. பாதி கையெழுத்து, பாதி கைநாட்டு.

— அய்யோ, திருடிப்போட்டீங்களா?

— இல்லியே.

— அப்பறம் எதுக்குங்க ஒத்துக்கறீங்க?

— உனுக்கு சாரு ஒண்ணுமே சொல்லலியா?

— ஆபீசு சமாச்சாரம் ஊட்ல பேசவே மாட்டாருங்க.

— போன வருசந்தான் எங்க ஊருக்கு வந்தாரு. உப்பங்கழியில மட்டி கொறஞ்சுக்கினே போவுது, பொடிசப் பொறுக்காதீங்கன்னாரு. நாயந்தானே, ஒத்துக்கினோம். ஆளுக்கொரு சல்லடை குடுத்தாரு. மேல நிக்கறத எடு, கீழ உழுவறதத் தண்ணியிலயே உட்டுடுன்னாரு. அதுக்கும் சரின்னோம். அப்பால, ஆவணியிலேர்ந்து மார்கழி வரிக்கும் ஒருத்தரும் எறங்கக்கூடாதுன்னு போர்டு நட்டாரு. அங்கதான் தாயி கெட்டுப்பூடுச்சு.

— பெருசாகட்டும்னுதானுங்களே அப்படிச் செஞ்சுருப்பாரு?

— அதையேதான் சாரும் சொன்னாரு. 'எங்கூர்ல தென்னந்தோப்பு இருக்குது, எல்லாத்தையும் எளநியா வெட்டிப்புட்டா கொப்பரைக்கு எங்க போறது, வெளையட்டும் உடுங்க'ன்னாரு. தேங்கா மழை பேஞ்சா சாவாதும்மா. மட்டி சாவும். ஐப்பசியில ஆத்து வெள்ளம் கழிக்குள்ள பூந்து உப்பையெல்லாம் அடிச்சுக்கினு பூடும். அந்தத் தண்ணியில மேட்டு மட்டி அத்தினியும் வாயப் பொளந்துடும். அதான் வெள்ளத்துக்கு முன்ன பெருசையெல்லாம் எடுத்துக்குவோம். எங்களுக்கு அதான் அறுப்பு.

— இத அவருகிட்ட நீங்க சொல்லலீங்களா?

— சொன்னோம். மனுவும் குடுத்தோம். 'நான் வெவசாயி மவன், எனக்கே வெளைச்சலப் பத்திச் சொல்றீங்களா'ன்னு சிரிச்சாரு.

— ஆமாங்க. அந்தப் பேச்ச அவரு இங்கயும் பேசுவாரு.

— மழை நாலே நாளு பேஞ்சுது. அஞ்சாம் நாளு ஊருக்குள்ள நிக்க முடியல, அவ்ளோ நாத்தம். சாரும் வந்து பாத்தாரு. கரையிலயே வாந்தி எடுத்துட்டாரு, பாவம். நாந்தான் மூஞ்சி கழுவத் தண்ணி ஊத்துனேன்.

— தீவாளிக்கு வந்தப்ப அவரு சட்டைய மூணு தரம் தொவைச்சேனுங்க. ஒரே நாத்தம். என்னங்க இதுன்னு கேட்டா, கருவாட்டு மார்க்கெட்டுல நின்னேன்னாரு.

— மேல ரிப்போர்ட்டு எழுதணும் இல்ல? பொம்பளைங்க திருட்டுத்தனமா எறங்கி வாரிட்டாங்க, அதான் மட்டி அழிஞ்சுதுன்னு எழுதிட்டாரு. இப்ப மார்கழி போயி தையும் பொறந்தாச்சு, திருட்டு விசாரணை முடியலன்னு போர்டு நட்டது நட்டபடி நிக்குது.

— அவரா எழுதுனாரு? வேற ஆராச்சும் எழுதியிருப்பாங்கக்கா.

— நகலு கொண்டாந்துருக்கேன். பாரு, கீழ இருக்கறது சாரு கையெழுத்துதானே?

— ஆமாங்க. அவருதுதானுங்க.

— அழாத தாயி. மேல இருக்கறவங்களுக்கு பயந்துட்டாரு. மத்தபடி எங்கள ஒரு வார்த்த தப்பாப் பேசுனது இல்ல.

— அக்கா, அவருக்காகப் பரிஞ்சு பேசாதீங்க. எனக்கு உங்க மூஞ்சியப் பாக்கவே கூசுதுங்க. அவரு பொள்ளாச்சி கிள்ளாச்சி எங்கயும் போகலீங்க. அந்த ரூம்புக்குள்ளதான் இருக்காரு. நானும் உங்ககிட்டப் பொய் சொல்லிப்போட்டேன். ஏனுங்க! போதும், வெளிய வாங்க!

— வாங்க சார். ஒடம்புக்கு ஒண்ணும் இல்லியே?

— தேசம்மா, உக்காருங்க. என்னப் பாத்து எந்திரிக்காதீங்க. எல்லாம் கேட்டுட்டுத்தானுங்க இருந்தேன்.

— நின்னு கேட்டீங்களா, இல்ல கட்டில்ல படுத்துட்டுக் கேட்டீங்களா?

— லோகா, திட்டு. நீ திட்டறது எனக்கு வேணும். புரமோசன் லிஸ்டுல என்ற பேரு இருந்துச்சு. அத்தன உசுரு போனது என்னாலதான்னு எழுதக் கை வரலீங்க தேசம்மா. வெவசாயி மவன்னு மாரத் தட்டுனவன், பருவம் தெரியாம ஒரு கழியவே கொன்னுபோட்டேன். அதவிடக் கேவலம், பழிய உங்க மேல போட்டது. நெம்பக் கேவலமுங்க.

— சார், அத்த உடுங்க. இந்தக் காயிதம்...

— கிழிச்சுப்போடுங்க அத! திங்கக்கெழம நானே கமிட்டிக்கு வாரேன். பழைய ரிப்போர்ட்டு பொய்யி, தப்பு என்னோடதுன்னு என்ற கையாலயே எழுதித் தாரேன். வேலை போனாப் போகுது.

— போகட்டுமுங்க. தோப்பு இருக்குது, கஞ்சி குடிச்சாவது பொழைச்சுக்கலாம். இப்படிச் சொன்னீங்களே, அது போதுமுங்க எனக்கு.

— வேணாம் சார்.

— ஏனுங்க தேசம்மா? நாப்பத்தோரு பேருக்குத் திருடின்னு பேரு எதுக்குங்க?

— அல்லாத்தையும் விசாரிச்சுக்கினுதான் வந்தேன். நீங்க பொய்யின்னு எழுதுனா உங்க மேல விசாரணை வெப்பாங்க. அது முடியற வரிக்கும் போர்டப் புடுங்க மாட்டாங்க. வருசக்கணக்கா இழுக்கும். நாங்க திருடுனோம்னு ஒத்துக்கினு, நீங்களும் அதுல சாட்சிக் கையெழுத்துப் போட்டா அபராதத்தோட சரி, பத்து நாள்ல தொறந்துடுவாங்களாம். கலெக்டர் ஆபீசு கிளார்க்கு சொன்னாரு.

— அது பொய்யுங்களே தேசம்மா!

— கடல்தண்ணி வர்ற மொகத்துவாரத்துல கொஞ்சூண்டு குஞ்சு மட்டி பொழைச்சுக் கெடக்குது. அத வாரியாந்து மேட்டுல தூவணும். தை முடியறதுக்குள்ள தூவுனாத்தான் அடுத்த வெள்ளத்துக்கு முன்ன அறுப்புக்கு வரும். இத உட்டா இன்னும் ஒரு வருசம் எங்க அடுப்புல பூனைதான் தூங்கும்.

— திரும்பவும் ஒரு பொய்யில கையெழுத்துப் போடச் சொல்றீங்க. நான் எப்படிங்க தலை நிமுந்து நடப்பேன்?

— நீங்க நல்லவரா ஆவுறத அப்பால பாத்துக்குங்க சார், எங்களுக்கு இப்ப அதுக்கு நேரம் இல்ல. இந்தாங்க பேனா. 'இவங்க திருடுனத நேர்ல பாத்தேன்'னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க.